உதட்டினின்று பிரிந்த தட்டு

எத்தியோப்பிய நாட்டின் தென்மேற்கு மூலையில், ஓமோ நதிக்கும் மாகோ நதிக்கும் இடைப்பட்ட சமவெளியிலும் குன்றுச் சரிவுகளிலும், மாடு மேய்த்தும், வெள்ளம் வடிந்த கரை வண்டலில் சோளம் விதைத்தும் நெடுங்காலம் வாழ்ந்து வந்த முர்சி மக்கள், எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தார். 2007ஆம் ஆண்டின் குடிக்கணக்கு அவர்களை ஏறத்தாழ 7,500 பேர் என்றே காட்டிற்று. தம்மை அவர்கள் முன் என்று சொல்லிக்கொள்வர்; முர்சி என்பது பிறர் இட்டு வழங்கும் பெயர். இத்துணைச் சிறிய கூட்டத்தாரை உலகம் அறிந்து வைத்திருப்பதற்கு அவர்களுடைய மொழியோ, கால்நடைச் செல்வமோ, கோடைதோறும் வறண்டுபோகும் நிலத்தில் பயிரிட்டுப் பிழைக்கும் அவர்களுடைய சாமர்த்தியமோ காரணமன்று. அவர்களுடைய பெண்கள் கீழுதட்டில் அணியும் ஒரு வட்டமான மண்தட்டே காரணம். அந்தத் தட்டு இன்று ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரிகளிலும், ஏலக் கடைகளின் பட்டியல்களிலும், நூதனசாலைகளின் காட்சிப் பெட்டிகளிலும் இடம்பெற்றிருக்கிறது. அவ்வாறு இடம் மாறிய பிறகு அது என்ன பொருளாகிறது, அதை வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் விஷயம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். முர்சி மொழியில் தெபி எனப்படும் இத்தட்டு, பெரும்பாலும் களிமண்ணால் ஆனது, மரத்தாலானவையும் உண்டு. மண்ணைப் பிசைந்து, சக்கரத்தின் உதவியின்றிக் கையாலேயே தட்டி வட்டமாக்கி, விளிம்பைச் சுற்றிலும் ஒரு பள்ளம் இழுத்து, உலர்த்தித் திறந்த நெருப்பில் சுடுகிறார்கள். விளிம்பிலுள்ள அந்தப் பள்ளந்தான் தட்டின் உயிர்நிலை. நீட்டி வளர்க்கப்பட்ட உதட்டின் சதை, வண்டிச் சக்கரத்தின்மேல் இரும்புப் பட்டை பற்றிக்கொள்வதுபோல, அதில் சென்று பற்றிக்கொள்கிறது. மேற்பரப்பில் கீறல்களாலும் புள்ளிகளாலும் ஆன கோலங்கள் காணப்படும். தட்டைச் செய்கிறவளும் அணிகிறவளும் பெரும்பாலும் ஒருத்தியே. தொழிலாக இதை வனைந்து தரும் குயவர் குலம் ஒன்று அவர்களிடையே கிடையாது. ஆகவே ஒவ்வொரு தட்டும் ஒரு பெண்ணின் கைத்திறனுக்கும், அவளுடைய உதட்டின் அளவுக்கும் ஒருங்கே சாட்சியாகிறது.

தட்டுகள் கருமையாகவும், செம்மையாகவும், மண்ணின் இயல்பான வெளிர் நிறத்திலும் அமைகின்றன. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லவேண்டும். 1960களின் இறுதியிலிருந்து முர்சியரிடையே தங்கி ஆராய்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் டேவிட் டர்ட்டன், அவர்கள் வண்ணங்களை வகுத்துக் காணும் முறை மாட்டின் மேனி நிறங்களோடு பிணைந்தது என்பதை 1980இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் விரிவாக நிறுவினார். செந்தட்டு ஒன்றைக் காணும் முர்சிப் பெண்ணின் மனத்தில் எழுவது மந்தையில் நிற்கும் ஒரு பசுவின் நிறமாக இருக்கலாம். 'சிவப்புப் பூச்சு, நல்ல நிலை' என்று விற்பனைச் சீட்டில் எழுதும் வியாபாரிக்கு அது வெறும் பூச்சு. பொருள் கைமாறும்போது முதலில் உதிர்ந்துபோவது இத்தகைய நுண்மைதான்.

இனி, அது உதட்டை அடையும் விதம். பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறு வயது ஆகும்போது, அவளுடைய தாயோ, குடியிருப்பைச் சேர்ந்த வேறொருத்தியோ கீழுதட்டைக் கீறித் துளையிட்டு, மரத்தாலான சிறு அடைப்பொன்றைச் செருகிவைக்கிறார்கள். புண் ஆற ஏறத்தாழ 3 மாதம் பிடிக்கும். அதன்பிறகு சிறிது சிறிதாகப் பெரிய அடைப்புகளை மாற்றி மாற்றிச் செருகி உதட்டை நீட்டுவது அந்தப் பெண்ணின் பொறுப்பு. எவ்வளவு தூரம் நீட்டுவது என்பதும் பெரிதும் அவளுடைய மன உறுதியைப் பொறுத்தது. சிலர் சிறு தட்டோடு நின்றுவிடுகிறார்கள். சிலர் 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் குறுக்களவுள்ள தட்டைத் தாங்குமளவு விடாமுயற்சி செய்கிறார்கள். தட்டு படிவதற்காகக் கீழ்முன்பற்களும் அகற்றப்படுகின்றன. வேதனை மிகுந்த காரியம் என்பதில் ஐயமில்லை. அதை மறைத்து அழகை மட்டும் பேசுவதும், அழகை மறுத்து வேதனையை மட்டும் பேசுவதும் ஒரே அளவு பிழையாகும்.

தட்டை எந்நேரமும் அணிந்திருப்பதில்லை. மணமாகாத இளம்பெண்கள் ஊர்வெளியில் செல்லும்போது அடிக்கடி அணிவார்கள். மணமானவள், ஆடவருக்கு உணவு பரிமாறும்போதும், பசுவைக் கறக்கும்போதும், திருமணம், நடனம், தாகினே எனப்படும் கழிச்சண்டை முதலிய பொது நிகழ்ச்சிகளின்போதும் அணிவாள். உண்ணும்போதும், உறங்கும்போதும், பெண்கள் தமக்குள் கூடியிருக்கும்போதும் தட்டு கழற்றி வைக்கப்படும். கணவன் இறந்தால் அதை நீக்கிவிடுவது வழக்கம். முர்சிப் பெண்களோடு பழகி ஆராய்ந்த ஷானா லடோஸ்கி, தட்டணிந்தவளிடம் எதிர்பார்க்கப்படும் நிதானமான நடையையும், கம்பீரத்தையும், உழைப்பில் சுறுசுறுப்பையும், அதனால் அவளுக்கு உண்டாகும் தன்மதிப்பையும் விவரித்திருக்கிறார். ஆக, பருவம் எய்தியதற்கும், தாய்மைக்கு உரியவளானதற்கும், தான் முர்சிப் பெண் என்பதற்கும், அயலாராகிய குவேகுவோ போதியோ அல்ல என்பதற்கும் ஒருங்கே அடையாளமாக நிற்பது தட்டு மட்டுமன்று. தட்டோடு கூடிய உதடு, அந்த உதட்டோடு கூடிய நடை, அந்த நடையைக் காணும் சபை ஆகிய யாவும் சேர்ந்துதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படுவது இவற்றுள் ஒன்றே. அதுவும், உடைந்தால் மறுவாரம் வேறொன்று வனைந்துகொள்ளத்தக்க ஒன்று.

இந்த வெறுமையை நிரப்பத்தான் கதைகள் பிறக்கின்றன. முர்சித் தட்டை விற்கும் பட்டியல்களில் இரண்டு கதைகள் சலிக்காமல் திரும்பத் திரும்ப வருகின்றன. அடிமை வியாபாரிகள் பெண்களைக் கவர்ந்து செல்லாதிருக்கும் பொருட்டு, அவர்களை விகாரப்படுத்தவே உதட்டைக் கிழித்தனர் என்பது ஒன்று. தட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பெண்ணின் பரிசமும் உயரும் என்பது மற்றொன்று. முதற்கதைக்கு ஆதாரம் ஏதுமில்லை. அதே அபாயத்துக்கு உட்பட்டிருந்த அண்டைச் சமூகங்கள் பல இவ்வளவு பெரிய தட்டை அணியவில்லை என்பதோடு, அழகென்று தாங்கள் போற்றுவதை அவலட்சணமென்று கருதிச் செய்துகொண்டார்கள் என்று ஒரு சமூகத்தாரைப் பற்றிச் சொல்வது, அவர்களுடைய கண்ணை நீக்கிவிட்டு நம்முடைய கண்ணைப் பொருத்துவதாகும். இரண்டாவது கதையை டர்ட்டன் நேராகவே மறுத்திருக்கிறார்: முர்சித் திருமணத்தில் மணமகன் வீட்டார் தரவேண்டிய பரிசம் 38 மாடுகள் என்பது அவர்கள் கொண்டாடும் மரபு; பல பெண்களுக்கு உதடு கீறப்படுவதற்கு முன்பே திருமணப் பேச்சும் பரிசமும் முடிவாகிவிடுகின்றன. பின்னால் நீளப்போகும் உதட்டைக் கொண்டு முன்னால் முடிந்த விலையை யாரும் அளக்க முடியாது. எனினும் இவ்விரு கதைகளும் சாகமாட்டா. சேகரிப்பாளருக்கு ஒரு பயங்கரமும் ஒரு விலைப்பட்டியலும் வேண்டியிருக்கின்றன; முதற்கதை ஒன்றைத் தருகிறது, இரண்டாவது மற்றொன்றைத் தருகிறது.

பெயர்க் குழப்பமும் பழையது. 1930இல் அமெரிக்காவின் ரிங்ளிங் சகோதரர்கள் சர்க்கஸ், உதட்டில் பெருந்தட்டு அணிந்த ஆப்பிரிக்கப் பெண்களைக் கூடாரத்தில் நிறுத்திக் கட்டணம் வசூலித்தபோது, அவர்களை உபாங்கியர் என்று விளம்பரப்படுத்திற்று. அப்பெண்கள் உண்மையில் இன்றைய சாட் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த சாரா இனத்தவர்; உபாங்கி என்பது அவர்கள் ஊருக்குத் தொலைவில் ஓடும் ஒரு நதி. சர்க்கஸின் விளம்பர அலுவலர், தேசப்படத்தில் கண்ட அந்தப் பெயரின் ஓசை நன்றாயிருக்கிறதென்று அதையே சூட்டிவிட்டார். அன்று ஒட்டிய சீட்டு வியாபார உலகில் நெடுங்காலம் உரியவே இல்லை; உதட்டில் அணியும் வட்டம் எதுவாயினும் அதற்கு உபாங்கித் தட்டென்று பெயரிடும் வழக்கம் நிலைத்துப்போயிற்று. மொசாம்பிக், தான்சானியா நாடுகளின் மக்கோண்டேப் பெண்கள் மேலுதட்டில் அணிந்த மரக்குமிழும், பிரேசில் நாட்டுக் கயாப்போ ஆடவர் கீழுதட்டில் அணியும் மரவட்டும், முர்சியரின் மண்தட்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஆயினும் 1884இல் ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட பிட் ரிவர்ஸ் நூதனசாலை போன்ற இடங்களில், பொருள்களை நாடுவாரியாக அன்றி வகைவாரியாக அடுக்கும் சம்பிரதாயம் வேரூன்றியிருந்தது. அந்த ஏற்பாட்டால் ஒப்புநோக்கும் வசதி கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உதட்டணிகளெல்லாம் ஒரே மரத்தின் கிளைகள் என்ற பிரமையையும் அது பார்வையாளர் மனத்தில் விளைவிக்கிறது. பெரிய மண்தட்டையோ மரத்தட்டையோ பெண்கள் அணிவது பொது வழக்கமாக ஆப்பிரிக்காவில் எஞ்சியிருப்பது முர்சியரிடமும், அவர்களுடைய மேற்கயலாராகிய சாய், திர்மா மக்களிடமுந்தான் என்பதைக் கருதினால், குறிப்பின் துல்லியம் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரை முர்சி நாட்டிற்கு அந்நியர் வருவது அரிது. 1974இல் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனத்துக்காக லெஸ்லி உட்ஹெட், டர்ட்டனின் துணையோடு எடுத்த படம் அவர்களை வெளியுலகக் கண்ணுக்குக் கொண்டுவந்தது. அப்படம் பேசியதோ பெரும்பாலும் அவர்களுடைய போரையும் சபைப் பேச்சையும். 1991இல் எத்தியோப்பியாவின் இராணுவ ஆட்சி வீழ்ந்து, பிரயாண வசதிகள் பெருகிய பின்னரே, ஜிங்கா நகரத்தினின்று மாகோ தேசியப் பூங்காவின் வழியே உல்லாசப் பிரயாணிகள் ஜீப்புகளில் வந்து குவியலாயினர். அவர்கள் தங்குவது சில மணி நேரம். ஒரு படத்துக்கு எத்தியோப்பிய நாணயத்தில் இத்தனை பிர் என்று பேரம் பேசி, எத்தனை முறை கருவி சொடுக்கிற்று என்று இரு தரப்பாரும் எண்ணி, எண்ணிக்கையில் சண்டையிட்டு, காசு கொடுத்துத் திரும்புகிறார்கள். படமெடுக்கிறவரின் கண்ணைக் கவரவேண்டி, அன்றாட வாழ்விலோ சடங்கிலோ வழக்கமில்லாத அலங்காரங்களைத் தலையிலும் உடலிலும் சுமந்துகொண்டு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். படம் எடுத்தானதும் தட்டுகளை விரித்துவைத்து விற்கிறார்கள். இந்தச் சந்திப்பில் இரு தரப்பாருக்கும் உண்டாகும் கசப்பை 2004இல் டர்ட்டன் எழுதிய கட்டுரையொன்று மிக நுட்பமாக ஆராய்கிறது. தம்மை மனிதராகக் கருதாமல் காட்சிப் பொருளாகக் கருதியே வருகிறார்கள் என்பது முர்சியருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் தானியம் வாங்கக் காசு வேண்டியிருக்கிறது என்பதே அதன் சாரம்.

சேகரிப்பாளர்கள் பெரிதாகப் பேசும் 'மெய்ப்பொருள்' என்ற விவகாரம் இந்தச் சந்தையிலிருந்துதான் எழுகிறது. அணிவதற்கென்று செய்து, ஆண்டுக்கணக்கில் அணிந்து, பின்னர் விற்கப்பட்டது மெய். விற்பதற்கென்றே செய்யப்பட்டது பொய் என்பது அவர்களுடைய வகுப்பு. விளிம்புப் பள்ளத்தில் சதையும் உமிழ்நீரும் பட்டுப் பட்டு ஏறிய மெருகு, உட்புறத்தில் பற்களும் ஈறும் உராய்ந்த தேய்வு, கையாண்ட எண்ணெய்ப் பசை இவற்றை உபயோகத்தின் அடையாளங்களாகக் கொள்கிறார்கள். பள்ளம் ஆழமின்றியும், தட்டு மிதமிஞ்சிய கனமாயும், மேற்பரப்பில் கோலம் கண்ணைப் பறிப்பதாயும் இருந்தால் ஐயுறுகிறார்கள். இச்சோதனைகள் முற்றிலும் பயனற்றவை அல்ல. ஆயினும் மெருகு என்பது கொழுப்பும் புகையும் ஒரு பழந்துணியும் இருந்தால் யாரும் ஏற்றிவிடக்கூடியது. வயதைக் கணிக்க விஞ்ஞானத்தை நாடினாலும் பலன் சொற்பமே. சுட்ட மண்ணின் காலத்தைக் காட்டும் வெப்ப ஒளிர்வுச் சோதனை, நூற்றாண்டுகளை அளக்க ஏற்றதேயன்றி, ஒரு தட்டு 1970ஐச் சேர்ந்ததா 2000ஐச் சேர்ந்ததா என்ற வழக்கைத் தீர்க்க வல்லதன்று. அன்றியும், மெலிதாய்ச் சுடப்பட்டு எளிதில் உடையும் மண்பொருளில் நூறாண்டுப் பழமையைத் தேடுவதே அப்பொருளின் இயல்பை அறியாத செயல். வெண்கலச் சிலைக்கு வகுத்த மதிப்பீட்டை மண்தட்டுக்குப் பொருத்துகிறார்கள்.

என் அபிப்பிராயம் வேறு. விற்பனைக்கென்று செய்த தட்டைப் பொய்யென்று தள்ளுவதற்கு எந்த நியாயமும் இல்லை. முர்சிப் பெண் ஒருத்தி தன் நாட்டு மண்ணைக் கொண்டு, தான் அறிந்த முறையில், அந்நியனுக்கு எது பிடிக்கும் என்று கணித்துச் செய்த பொருள் அது. முர்சி நாட்டிற்குப் பிரயாணிகள் வரலான காலத்தின் வரலாறு அதில் எழுதப்பட்டிருக்கிறது. அணிந்த தட்டு ஒரு சமூகம் தன்னைத் தான் எவ்வாறு கண்டது என்பதற்குச் சான்று என்றால், விற்பனைத் தட்டு அச்சமூகம் நம்மை எவ்வாறு கண்டது என்பதற்குச் சான்று. இரண்டாவது சான்று நமக்கு அவ்வளவு இனிப்பாயில்லை என்பதனாலேயே அதன் பெறுமானம் குறைந்துவிடாது. பொய்யாவது தட்டன்று, அதன்மேல் புகையேற்றி, 'பழமையானது, அணியப்பட்டது' என்று எழுதி, மும்மடங்கு விலை கூறும் இடைவியாபாரியின் வாக்குத்தான்.

தர்மத்தின் கோணத்தினின்று பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வியும் உண்டு: இத்தட்டை வாங்குவது, உதட்டைக் கீறும் வழக்கத்துக்கு ஊட்டம் அளிப்பதாகாதா? எத்தியோப்பிய அரசு தீங்கு விளைக்கும் பழவழக்கங்கள் என்று ஒரு பட்டியலில் இதையும் சேர்த்து நெடுங்காலமாக எதிர்த்து வருகிறது. 2005இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டமும் அத்தகைய வழக்கங்களைத் தண்டனைக்குரியவை ஆக்கிற்று. கிறிஸ்தவ சமயப் பிரசாரமும் பள்ளிக்கூடமும் ஒருபுறம் பெண்களின் மனத்தை மாற்றி வருகின்றன. உதட்டைக் கீறிக்கொள்ள மறுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். மற்றொருபுறம், தட்டில்லாத முகத்தைப் படமெடுக்கப் பிரயாணி காசு கொடுப்பதில்லை. இங்கேதான், சேகரிப்பாளரும் அவரைக் கண்டிப்பவரும் ஒருங்கே கவனியாத ஒரு வேறுபாடு இருக்கிறது. படத்துக்கு உதடு வேண்டும்; விற்பனைத் தட்டுக்கு உதடு வேண்டுவதில்லை. கீறாத உதடுடைய பெண்ணும் தட்டு வனையலாம், விற்கலாம். ஒரு படத்துக்குக் கொடுக்கும் காசு அவளுடைய உடலின் மாற்றத்துக்குக் கொடுக்கும் கூலியாகிறது. ஒரு தட்டுக்குக் கொடுக்கும் காசு அவளுடைய கைத்தொழிலுக்குக் கொடுக்கும் விலையாகிறது. படமெடுப்பதை நிரபராதமான பொழுதுபோக்கென்றும், பொருள் வாங்குவதைக் காலனியக் கொள்ளையின் எச்சமென்றும் கருதும் இக்காலத்து மனப்பாங்கு, இவ்விஷயத்தில் நேர்மாறாகத் திரும்பவேண்டும் என்றே நினைக்கிறேன். 'அணியப்பட்டது' என்ற சான்றை வற்புறுத்தும் சேகரிப்பாளர் மட்டும், தம்மை அறியாமலே, படமெடுப்பவரின் பக்கம் போய்ச் சேருகிறார். அவரும் உதட்டுக்குத்தான் விலை கொடுக்கிறார்.

முர்சியரின் நிலையோ வேகமாக மாறி வருகிறது. ஓமோ நதியின் மேல்நிலப் பகுதியில் கட்டப்பட்டு 2016 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட கில்கல் கிபே மூன்றாம் அணை, ஆண்டுதோறும் கரையை மூழ்கடித்து வண்டல் சேர்த்த வெள்ளத்தை நிறுத்திற்று. வெள்ளம் நின்றதோடு அதை நம்பிய சோளச் சாகுபடியும் குலைந்தது. 2011 முதல் அரசு தொடங்கிய குராஸ் கரும்புத் திட்டம் மேய்ச்சல் நிலங்களை விழுங்கிற்று. உணவுக்குக் காசை நாடவேண்டிய நிர்ப்பந்தம் இதனால் பெருகுமேயன்றிக் குறையாது. விற்பனைத் தட்டின் பெருக்கத்துக்குக் காரணத்தைப் பிரயாணியின் ஆசையில் மட்டுமன்றி, நதியின் மறுகோடியிலும் தேடவேண்டும். இதைச் சொல்லாத காட்சிக் குறிப்பு எதுவும் முழுமையானதன்று.

ஆதலின், நூதனசாலைகளுக்கும் தனிச் சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தட்டின் குறுக்களவையும் நிறத்தையும் எழுதுவதோடு நில்லாமல், அது எந்தக் குடியிருப்பில், எந்த ஆண்டில், யாரிடமிருந்து, என்ன விலைக்குப் பெறப்பட்டது, அணிவதற்கென்று செய்யப்பட்டதா விற்பதற்கென்று செய்யப்பட்டதா என்பதையும், செய்தவள் சம்மதித்தால் அவளுடைய பெயரையும் குறித்துவையுங்கள். எத்தியோப்பியாவினின்று கலைப்பொருளை வெளியே கொண்டுபோவதற்கு அந்நாடு 2000ஆம் ஆண்டில் இயற்றிய பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளுக்கு அது உட்பட்டதா என்று விசாரித்து, அனுமதிச் சீட்டையும் உடன்வைத்துப் பேணுங்கள். ஐரோப்பியக் கலைஞனின் மூன்றாந்தர ஓவியத்துக்குக்கூடக் கையொப்பத்தைத் தேடும் உலகம், முர்சிப் பெண்ணின் வேலைப்பாட்டுக்கு இனப்பெயரே போதும் என்று இருந்துவிட்டது. விற்பதற்கென்றே வனைந்து, வனைந்தவளே விற்ற தட்டு, அவ்வாறே குறிக்கப்பட்டு வருமானால் அதை வாங்குவதில் குற்றமில்லை. 'பழமையானது, அணியப்பட்டது' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெந்த விவரமும் இல்லாமல் வரும் தட்டை, எவ்வளவு அழகாயிருப்பினும், வாங்காமல் விடுவதே முறை.